பாசி பிடித்த சூரை

ஆக்னஸின் கணவர் இருதயராஜ் சூரை மீனாக வேலை பார்த்தார். யாராவது கேட்டால், கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆக்னஸ் சொல்லிவிடுவாள். மீன் என்று சொன்னால் அடுத்த பஸ் வரும்வரை கேள்வி கேட்பார்கள்.

அவள் வேலை செய்தது 'மரகதவல்லி' என்ற படகில். தூத்துக்குடியில் புறப்பட்டு, மாலத்தீவுக்கும் தெற்கே, கரை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும் ஆழக்கடலில் இரண்டு வாரம் சுற்றித் திரும்பும் தூண்டில் சுற்றுலாப் படகு. வசதியானவர்கள் வருவார்கள். யாருக்கு உப்பு ஆகாது என்று சமையல்காரரிடம் சொல்வது, தலை சுற்றுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கித் தருவது, சாயங்காலமானால் படகுச் செய்தி எழுதிக் கரைக்கு அனுப்புவது எல்லாம் ஆக்னஸின் பொறுப்பு. 'இன்று கடல் அமைதி. காலையில் இடியாப்பம். டாக்டர் அம்மாவுக்கு வாந்தி நின்றுவிட்டது' என்று அவள் எழுதுவதை ஊரில் குடும்பங்கள் காத்திருந்து படித்தன.

அதோடு இன்னொரு வேலையும் உண்டு. காதில் செருகிய சின்னக் கருவி வழியாக மீனோடு பேசுவது.

முதல் நாள் மதியம் கோயம்புத்தூர் நாச்சிமுத்துவின் தூண்டிலில் மீன் மாட்டியது. பம்புசெட் தயாரிக்கும் முதலாளி. அறுபதைத் தாண்டிய உடம்பு, ஆனால் கை இரும்பு. வருடம் தவறாமல் வருபவர். கோலை வயிற்றுப் பட்டையில் ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கேப்டன் தொம்மையிடம் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஏனுங்க கேப்டன், நெச மீனைப் புடிச்சா ஜெயிலுன்னு சட்டம் வந்தப்ப, இனி தூண்டிலே தொட முடியாதுன்னு நெனச்சனுங்க. இந்த மெஷின் மீனு அதைவிடல்லோ இழுக்குது. இதுக்குள்ள என்ன வெச்சுருக்கீங்க?"

"மூளை வச்சிருக்கு சார். செயற்கை மூளை."

"அது எந்த எடத்துலங்க இருக்குது?"

"தலையிலதான்," என்றார் தொம்மை, கடலைப் பார்த்தபடி.

அது தூத்துக்குடியில் ஓர் இனிப்புக்கடையின் மாடியில் இருந்தது. முதலில் கம்பெனி உண்மையிலேயே மீனுக்குள் ஒரு செயற்கை மூளையைத்தான் வைத்துப் பார்த்தது. அது எல்லோரிடமும் ஒரே மாதிரி போராடி ஒரே மாதிரி தோற்றது. வாடிக்கையாளர்களுக்குச் சலித்துவிட்டது. பிறகுதான் ஆள் போட்டார்கள். மாடியில் ஏசி அறை. ஓட்டுபவருக்கு ஒரு சட்டை, கண்ணுக்கு ஒரு மூடி, தாடையில் ஒரு பட்டை. தூண்டில் மாட்டினால் பட்டை இழுக்கும். இழுப்பு உறைக்காவிட்டால் மீன் சரியாகத் துள்ளுவதில்லை என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இருதயராஜ் பழைய கபடி ஆட்டக்காரர். பிடியில் திமிறுவது அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாத விஷயம்.

"ஆக்னசு," என்றது அவள் காதுக்குள் மீன். "ஜெனிட்டா ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாவ. கூடப் படிக்க பயலக் கடிச்சிட்டாளாம்."

ஆக்னஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாரை?"

"கணக்கு வாத்தியார் மகன."

"சரி, விட்டுக் குடுங்க. பொறவு பேசலாம்."

"எம்புள்ள விசயத்துல நான் ஏன் விட்டுக் குடுக்கணும்?"

"மீனைச் சொன்னேன். அவரு மூஞ்சி செவந்து போச்சு. வாங்க."

"ஏனுங்கம்மா, நான் எங்கீங்க வரோணும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ஒங்களை இல்ல சார். மீனை வான்னு கூப்பிட்டேன். ஒரு ராசி."

அதற்குப் பிறகு மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, நல்ல பிள்ளையாக வந்தது. நாச்சிமுத்து அதை மடியில் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டு, நெற்றியில் முத்தம் கொடுத்துக் கடலில் விட்டார். வால் பக்கம் பாசி பிடித்திருந்தது. சுரண்டச் சொல்லி ஆக்னஸ் கம்பெனிக்கு எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

வேலை நல்ல வேலைதான். ஆனால் இருதயராஜிடம் மாற்றங்கள் தெரிந்தன. சட்டையைக் கொக்கியில் மாட்டமாட்டார். மடித்து நாற்காலியில் வைப்பார். பஸ்ஸில் கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கினால் இவரும் சட்டென்று அதே பக்கம் ஒதுங்குவார், இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆக்னஸின் தங்கை கல்யாணத்தில் யாரோ ஆசையாக வாய்க்கு நேரே லட்டை நீட்ட, மனிதர் பந்தலை விட்டே ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

மீன் அறைக்குப் பொறுப்பான புஷ்பலதா மேடம் அவரை இரண்டு முறை எச்சரித்திருந்தார். "நேரம் தாண்டி இழுக்கிறீங்க சார். கஸ்டமருக்குத் தோள் எறங்கிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? இன்னொரு புகார் வந்துச்சுன்னா மேல பழைய மூளையவே கொண்டாந்து வச்சிருவாங்க. அப்புறம் இந்த ரூமே இருக்காது."

மூன்றாம் நாள் காலை நாச்சிமுத்துவின் தூண்டில் நரம்பு மறுபடியும் விறைத்தது. ஆக்னஸ் காதுக் கருவியைத் தட்டினாள்.

"மெதுவா இழுங்க. அவரு இன்னும் காப்பி குடிக்கல."

"நான் எங்க இழுக்கேன்?" என்றார் இருதயராஜ். பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "நானே இப்பதான் டீ குடிக்கேன்."

"அப்பம் வேற யாரு?"

"இன்னிக்கு நான் மட்டுந்தான். மத்த ரெண்டு மீனும் ரிப்பேருல கெடக்கு."

ஆக்னஸ் தொம்மையைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த தொம்மைக்கு விஷயம் விளங்கியது. அவர் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது. அதை அவர் துடைக்கக்கூட இல்லை.

மீன் போராடவே இல்லை. ஒரு தடவை பயந்து வெட்டியது, பிறகு நேராகப் படகைப் பார்த்து வந்துவிட்டது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்கள். கம்பெனி மீன்களுக்குத் துடுப்புக்கு அடியில் எண் உண்டு. இதற்கு எண் இல்லை. உடம்பெல்லாம் வழவழவென்று கோழை, செவுளோரம் ஒட்டுண்ணிப் பேன் இரண்டு. தொம்மையின் தகப்பன் காலத்துக்குப் பிறகு இந்தக் கடலில் யாரும் பார்க்காத சங்கதி.

"மாதாவே," என்றார் தொம்மை மெல்ல. "நெச மீனு."

"என்னங்க இது," என்றார் நாச்சிமுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "சவமாட்ட வருது. முந்தாநேத்து வந்தது என்னமா நின்னுச்சு. இதுல ஒரு இயற்கையே இல்லீங்களே."

"பழுதான மீனு சார். விட்டுருவோம்."

"ஒரு போட்டோவாச்சும்..."

"வேண்டாம் சார்."

நிஜ மீன் படகில் பட்ட நொடியிலிருந்து குற்றம்தான். படகு போய்விடும், தொம்மை உள்ளே போவார். அவரே இடுக்கி வாங்கி, குழந்தைக்குக் காது குத்துகிறவர்போல மெல்ல மெல்லத் தூண்டிலைக் கழற்றினார். மீன் சற்று நேரம் படகை ஒட்டியே மிதந்தது. பிறகு இறங்கி மறைந்தது.

அன்றைய செய்தியில் என்ன எழுதுவது என்று ஆக்னஸ் கேட்டாள். "ஒண்ணும் எழுதாதம்மா," என்றார் தொம்மை. "தெரிஞ்சா அடுத்த வாரம் ஊரு உலகமே இங்க நிக்கும். பிடிக்க ஒருத்தன், காப்பாத்த ஒருத்தன். நடுவுல மீனு செத்துப்போகும்." அவள் 'நாச்சிமுத்து ஐயா இன்று ஓய்வெடுத்தார்' என்று எழுதினாள். அடுத்த அரை மணியில் கோயம்புத்தூரிலிருந்து மருமகன் கூப்பிட்டு மாமனாருக்கு நெஞ்சுவலியா என்று விசாரித்தார். நாச்சிமுத்துவுக்கு அது பெரிய மானக்கேடாகிவிட்டது.

ஆனால் கணவரிடம் ஆக்னஸ் சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் காதுக்குள் டம்ளரைத் தள்ளி வைக்கிற சத்தம் வந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றார் இருதயராஜ்.

"தெக்க. ஏன்?"

"சும்மா பாத்துட்டு வாரேன்."

அவர் திரும்பி வரவில்லை. அதாவது வீட்டுக்கு ஒழுங்காகப் போனார், சாப்பிட்டார், மகளைக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆனால் காலையில் சட்டையை மாட்டியதும் மீனை ஓட்டிக்கொண்டு அந்த நிஜச் சூரையைத் தேடிப் போய்விட்டார். அதுவும் விலகாமல் கூடவே நீந்தியது. ஆக்னஸ் கூப்பிட்டால், "இரு புள்ள, இது ஒரு திருப்பு திருப்புதுல்லா, அதப் பழகிட்டு இருக்கேன்" என்பார். ஒருமுறை, "பக்கத்துல வரும்போது தண்ணி லேசா அதிருது, எனக்குத் தோள்ல தெரியுது" என்றார். கல்யாணமான புதிதில்கூட அவர் குரல் அப்படிக் குழைந்ததில்லை. ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று ஆக்னஸுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

படகில் நிலைமை மோசம். மேல்தளத்தில் வரிசையாகத் தூண்டில் கோல்கள், தொட்டியில் இரைக்கென்று பண்ணையில் வளர்த்த சாளை மீன்கள் உயிரோடு, நாற்காலியில் வாடிக்கையாளர்கள், கீழே காலிக் கடல். கடிக்க ஒரு மீன் இல்லை.

"ஒம் மாப்பிள்ளை எங்கம்மா?" என்று தொம்மை தினமும் அவளை ஓரம்கட்டிக் கேட்டார்.

"வரமாட்டேங்காரு அண்ணாச்சி."

"வீட்ல ஏதும் சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. அவருக்குத் துணை கெடச்சிட்டு."

புஷ்பலதா மேடத்திடம் இருதயராஜ், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்தார். மேடம் தரையில் இருப்பவர்; நீரோட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் தம்பதி முணுமுணுத்தார்கள். நாச்சிமுத்து மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் காலை முதல் பொழுது சாயும் வரை கோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். புகார்தான் தயாராகிறது என்று ஆக்னஸ் பயந்தாள். ஒருநாள் சாப்பாட்டைத் தட்டில் வைத்து எடுத்துப்போய், "மன்னிச்சிருங்க சார், மீனே வர மாட்டேங்குது" என்றாள்.

"வராட்டிப் போகுதுங்க." அவர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஊட்டுலயும் சரி, ஃபேக்டரியிலயும் சரி, நான் இழுத்தா எல்லாமே வந்துருதுங்கம்மா. பையன் வர்றான், மருமகன் வர்றான், யூனியன்காரன் வர்றான். இங்க உங்க மீனும் அப்புடித்தான் வந்துட்டு இருந்துச்சு. இப்பத்தான் ஒண்ணு, நீ யாரு எவுருன்னு கேக்காம அது பாட்டுக்கு இருக்குது. மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுங்களா?"

மறுநாள் டாக்டர் தம்பதியும் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். மூன்று பேரும் ஒன்றும் பிடிக்காமல் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தூண்டிலில் இரையை மாற்றுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொம்மை கண் அயர்ந்திருந்தார். சுக்கான் அறையில் வயர்லெஸ் கரகரத்தது. ஆக்னஸ் எடுத்தாள்.

"'மரகதவல்லி', கேக்குதோ? நான் மன்னார்ப் படகு 'கடலரசி' கப்டன் அருள்தாஸ். ஆர் கதைக்கிறது?"

"கேக்குது அண்ணாச்சி. நான் ஆக்னஸ், இங்க உபசரிப்பு வேலை. கேப்டன் தூங்குறாரு."

"அப்ப உங்களிட்டயே சொல்லுறன் தங்கச்சி. நாங்களும் உங்களை மாதிரித்தான், தூண்டில்காரரைக் கூட்டிக்கொண்டு வாற ஆக்கள். எங்கட மீனையும் மன்னாரில ஒரு பிள்ளைதான் ஓட்டுறாள். டிலானி எண்டு பேர். இந்தத் தொழில்ல ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்க என்ன இருக்கு?"

"சொல்லுங்க."

"அந்தப் பிள்ளை இப்ப கொஞ்ச நாளா எங்கட படகுப் பக்கமே வாறேல்லை. கேட்டா, அவள் ஒரு உண்மையான சூரையைக் கண்டிட்டாளாம். அதோடதான் நீந்துறாள். உங்கட படகுக்குத் தெற்கால. நீங்கள் அந்தப் பக்கம் தூண்டில் போட்டிடாதேங்கோ. அதைக் கேக்கத்தான் எடுத்தனான்."

ஆக்னஸ் சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையான மீனுன்னு எப்படிச் சொல்லுதாவ?"

"வாலடியில பாசி பிடிச்சிருக்காம். மெஷினில ஆர் பாசி பிடிக்க விடுவினம்? ஒரு பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நீந்துதாம். வயசான மீனாக்கும்."

இருதயராஜின் இடது தோள் கபடியில் ஒருமுறை இறங்கியது. அதற்குப் பிறகு அவர் நடந்தாலும் சாய்வுதான், நீந்தினாலும் சாய்வுதான்.

"உங்க மீனுல எண்ணு ஏதும் போடலியா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"இது புது மொடல். எண் இல்லை. செவுளில பேன்கூட ஒட்டி விட்டிருக்கினம், அவ்வளவு அச்சு அசல். பிள்ளையும் புதிசு. வேலைக்கு வந்த கையோட ஆரோ ஒருத்தற்ற தூண்டிலில மாட்டிப்போட்டாள். தாடையில இழுத்த உடன பயந்துபோய் ஓடி வந்திட்டாளாம். ரெண்டு நாள் சாப்பிடேல்லை. வேலையை விடப்போறன் எண்டு அழுதுகொண்டு இருந்தவள். இந்த மீனைக் கண்ட பிறகுதான் சிரிக்கிறாள். உலகத்தில இன்னும் ஒண்டு மிச்சம் இருக்கு மாமா எண்டு என்னட்டைச் சொன்னாள்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி."

"சொல்லமாட்டேன்," என்றாள் ஆக்னஸ்.

தொம்மை எழுந்ததும் யார் பேசியது என்று கேட்டார். வானிலை என்றாள். கணவரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர், "இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்து மேல வந்து வானத்தப் பாத்தோம்" என்றபோது, "பாத்து, குளிர் புடிச்சிரும்" என்று மட்டும் சொன்னாள். அவள் அனுப்பிய கடைசிச் செய்தி இதுதான்: 'கடல் அமைதி. மதியம் புளிச்சாதம், அப்பளம். மீன் எதுவும் வரவில்லை. எல்லோரும் நலம்.'

துறைமுகத்தில் புஷ்பலதா மேடம் மாலையோடு நின்றிருந்தார். நாச்சிமுத்து படகிலிருந்தே கம்பெனிக்கு நீளமாகப் பேசியிருந்தார். அடுத்த வருடம் குடும்பத்தோடு வருவதாகவும், அப்போதும் மீன் வரக் கூடாது என்றும் நிபந்தனை. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. 'காத்திருப்புப் பயணம்' என்று புதிதாக ஒரு திட்டம். அதில் மீன் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கடிக்கக் கூடாது. அதற்கு அனுபவசாலி வேண்டும் என்பதால் இருதயராஜுக்கே அந்த வேலை. செயற்கை மூளையால் இது முடியாதா என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டாராம். "அதுக்கு இரையக் கண்டா கடிக்காம இருக்கத் தெரியாது சார்" என்று மேடம் பதில் சொல்லியிருந்தார்.

வீட்டில் இருதயராஜ் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஜெனிட்டா விளையாடப் போயிருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு விசயம், யாருகிட்டயும் சொல்லாத" என்றார். "அது நெச மீனு இல்ல புள்ள."

ஆக்னஸ் அகப்பையைக் கீழே வைத்தாள். "எப்பம் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. தும்முச்சு."

"மீனா?"

"சட்டைக்குள்ள இருக்க ஆளு தும்முனா வாலு ரெண்டு வெட்டு வெட்டும். நம்ம ரூம்ல ஜலதோசம் வந்தா எல்லா மீனும் அப்படித்தான். நெச மீனு எங்க தும்மும்?"

"பொறவு எதுக்கு அத்தன நாளு கூடவே சுத்துனீய?"

"அது என்னைய நெசம்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. சும்மா என்னையவே சுத்திச் சுத்திப் பாக்கும். நான் பாட்டுக்கு வந்துட்டா அது தேடாதா?"

"அந்தப் புள்ள பேரு..." என்று ஆக்னஸ் ஆரம்பித்தாள்.

"பேரச் சொல்லாத. தெரிஞ்சா எனக்கு ஒழுங்கா நீந்த வராது." ஆக்னஸுக்கு அது எப்படித் தெரியும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "கடைசி நாளு ஒங்க படகுக்கு வந்தேன், பாத்தியா?"

"இல்லியே."

"அடியில வந்தேன். நீ ஒத்தையில எம்புட்டு நாளு சமாளிப்ப, அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கு ஒருக்கா மாட்டிருவோம்னு சாளைக்கு வாயத் தொறந்தேன். சைடுல வந்து ஒரே இடி. மறுபடி போனேன், மறுபடி இடிச்சுத் தள்ளுச்சு. பொறவு தூண்டிலுக்கும் எனக்கும் நடுவுல வந்து குறுக்க நின்னுக்கிட்டு. நகரவே இல்ல. அதுக்கு ஒருக்கா மாட்டுனதுல வலி தெரியும்லா."

பேசிக்கொண்டே அவர் கை தாடைக்குப் போய், பட்டை படுகிற இடத்தைத் தேய்த்தது. அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. ஆக்னஸ் அதைப் பார்த்தாள். விட்டுக் குடுங்க, வாங்க, மேல வாங்க என்று வருடக்கணக்காக அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அவள்தான்.

"வலிக்குதான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல," என்றாள்.

"நீ எப்படிக் கேப்ப?" என்றார் இருதயராஜ், குறையாக இல்லாமல், ரசத்துக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே. "நீ படகுலல்லா இருக்க."